கடலோர ஊரும் கனம் குறைந்த கணினியும்

மாமல்லபுரத்தைக் கடந்து புதுச்சேரியை நோக்கிச் செல்லும் பேருந்துகள் நின்று போகிற கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து, சிறுசேரி சிப்காட்டுக்கோ, மதுராந்தகம் வழியாகப் போய்ச் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டிக்கோ, மென்பொருள் உத்தியோகத்தை உத்தேசித்து இளைஞர்கள் புறப்படுவது இப்போது புதுமையான விஷயமன்று. வலையையும் உப்பளத்தையும் நம்பி ஜீவனம் செய்யும் தகப்பனார்கள்கூட, பிள்ளை கணினி படிக்கிறான் என்றால் கடன்பட்டாவது ஒரு லேப்டாப் வாங்கித் தந்துவிடுகிறார்கள். எந்த லேப்டாப் என்ற கேள்வி எழும்போதுதான் கடைக்காரருடைய வார்த்தையே வேதவாக்காகிவிடுகிறது. அவரோ, விசைப்பலகையின் அடியில் வர்ண விளக்குகள் எரிகிற, இரண்டரைக் கிலோவை எட்டுகிற, சார்ஜர் மட்டுமே அரைக் கிலோவுக்கு மேல் நிற்கிற ‘கேமிங்’ யந்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, மாதத் தவணைக் கணக்கையும் கையோடு எழுதிக் காட்டிவிடுகிறார். கழிமுகத்தில் இறால் பிடிக்க விசைப்படகு வாங்குவதற்கு ஒப்பான காரியம் இது என்பது என் அபிப்பிராயம்.

ஏனெனில், புதிதாகத் தொழில் பழகுகிறவன் செய்கிற காரியம்தான் என்ன? வலைப்பக்கங்கள் அமைப்பான், பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ சிறு நிரல்கள் எழுதுவான், எழுதியதைக் கிட்ஹப்பில் சேர்த்து வைப்பான், பிறகு எங்கோ தூரதேசத்திலுள்ள சர்வரில் அதை ஓட விட்டுப் பரிசோதிப்பான். இவற்றில் பிராசசரைத் திணறடிக்கும் வேலை சொற்பமே. உண்மையில் திணறுவது ராம் என்று நாம் சொல்கிற நினைவகம்தான். பிரௌசரில் இருபது பக்கங்களையும், விஎஸ் கோட் போன்ற எடிட்டரையும், கூடவே ஒரு காணொளிப் பாடத்தையும் ஏககாலத்தில் திறந்து வைத்தால், 8 ஜிபி நினைவகம் விரைவில் நிறைந்து யந்திரம் நத்தையாக நகரத் தொடங்குகிறது. ஆகவே 16 ஜிபி நினைவகம், நெடுநேரம் தட்டினாலும் விரல் நோகாத விசைப்பலகை, மின்சாரம் போனபின்பும் அரை நாள் தாங்குகிற பேட்டரி ஆகிய இம்மூன்றும் அமைந்துவிட்டால், பிராசசரின் தலைமுறையைப் பற்றி அதிகமாகக் கவலைப்பட அவசியமில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எமுலேட்டரை ஓட்டி செயலி எழுதுகிறவனுக்கு மட்டும் இது பொருந்தாது; அவன் சற்று வலுவான யந்திரத்தைத் தேடத்தான் வேண்டும்.

கனத்துக்கு வருவோம். 2008ஆம் வருஷத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரு காகித உறைக்குள்ளிருந்து 1.36 கிலோ எடையுள்ள மேக்புக் ஏரை உருவிக் காட்டிய நாள் முதலாக, உலகத்துக்கு மெல்லிய கணினியின்மீது ஒரு மோகமே பிடித்துவிட்டது. பேருந்தில் நின்றபடியே நெடுந்தூரம் பிரயாணம் செய்கிறவனுக்கு, தோளில் தொங்குவது மூன்று கிலோவா ஒன்றரைக் கிலோவா என்பது அற்ப விஷயமல்ல என்பதை நான் பூரணமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிக் குறைக்கிற ஒவ்வொரு நூறு கிராமுக்கும் நாம் வேறொரு வகையில் விலை கொடுக்கிறோம். லெனோவோ நிறுவனம் 2018இல் வெளியிட்ட இரண்டு திங்க்பேட்களை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்280 சுமார் 1.1 கிலோதான், கையில் எடுத்தால் ஆனந்தமாக இருக்கும், ஆனால் அதன் நினைவகத்தை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள், வாங்கிய நாளில் இருந்ததே ஆயுள் பரியந்தம். டி480 சுமார் 1.6 கிலோ, அதிலோ நினைவகத்துக்கு இரண்டு ஸ்லாட்கள் உண்டு, பின்புறத்துப் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். அந்த அரைக் கிலோவைச் சந்தோஷமாகச் சுமக்கலாம் என்பேன்.

இத்தகைய யந்திரங்கள் கம்பெனிகளில் சில வருஷங்கள் உழைத்தபின், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் புதிய கேமிங் யந்திரத்தின் விலையில் ஒரு பகுதிக்கே விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட, விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் ஏற்க மறுப்பதால், அதற்கும் பழைய யந்திரங்களை விற்பவர்கள் விலையில் பிடிவாதம் பிடிப்பதில்லை. அவற்றில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். நிரல் எழுதப் பழகுகிறவனுக்கு அதைவிடச் சிறந்த பாடசாலையும் இல்லை. வாங்குமுன் பேட்டரியின் ஆதிக் கொள்ளளவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும், பழைய கம்பெனி பயாஸில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவைத்திருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கடலோரத்துக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம்: கடப்பாக்கத்துக் கடலோரத்திலுள்ள ஆலம்பரைக் கோட்டையின் சுவர்களை அரிக்கிற அதே உப்புக் காற்றைத்தான் கணினியின் விசிறியும் உள்ளே இழுக்கிறது. வெகுநேரம் விசிறி சுழல்கிற சூடான கேமிங் யந்திரத்துக்கு இந்தப் பிரதேசம் உகந்ததல்ல.

நம் மாநிலத்தில் மாணவர்களுக்காக லேப்டாப்புகளை மிக அதிகமாக வாங்குவது எந்தத் தகப்பனாரும் அல்லர், சர்க்கார்தான். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், அதற்குமுன் கணினியைத் தொட்டேயிராத எத்தனையோ குடும்பங்களில் முதல் கணினி புகுந்தது. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் அதனோடு சேர்ந்தே வந்தது. பரிகசித்தவர்கள் பரிகசித்தார்கள், கிராமத்து வீடுகளில் அவை செய்த உபகாரத்தை மறுக்க எவராலும் இயலாது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு வருஷங்களில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ வழங்குவதாக அறிவித்து, 2,000 கோடி ரூபாயையும் ஒதுக்கினார்கள். 8 ஜிபி நினைவகம் கொண்ட யந்திரங்களே வழங்கப்படுகின்றன. கல்லூரிப் பாடங்களுக்கு மட்டுமென்றால் இன்றைக்கு அது போதும். மாணவன் பட்டம் பெற்று வேலைக்குப் போகிற வருஷத்தில் போதுமா என்பது சந்தேகம்.

ஆகையால் இந்த லேப்டாப்புகளைச் சர்க்காருக்காகக் கொள்முதல் செய்கிற எல்காட் நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் இது: அடுத்த டெண்டரில் பிராசசரின் வேகத்தைக் குறிப்பிடுகிற அதே கண்டிப்போடு, எடை 1.6 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், நினைவகத்துக்குக் காலியான ஒரு ஸ்லாட்டாவது இருக்க வேண்டும் என்றும், பேட்டரி செங்கல்பட்டுக் கடையிலேயே மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும் மூன்று நிபந்தனைகளைச் சேருங்கள்.