‘விபி 905’ என்பது எந்த விமானம்?

2018 ஏப்ரலில் பிரிட்டனிலிருந்து பறந்து வந்து இந்திய விமானப் படையில் சேர்ந்த டகோட்டாவின் பெயர் ‘பரசுராமா’. எண் விபி 905. டகோட்டா விமானியாக இருந்த தம் தந்தையைப் பெருமைப்படுத்தும் வகையில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் அதனைச் சீரமைத்து வழங்கினார். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் வீரர்களுடன் ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண் அது.

எண் அதுதான், விமானம் அதுவன்று. போர்க்காலத்தில் கட்டப்பட்ட வேறொரு டகோட்டாவுக்கு அவ்வெண் மரியாதையாகச் சூட்டப்பட்டது. இதில் பிழையேதும் இல்லை. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. ஆனால் பேரனைப் பாட்டன் என்று எவரும் கொள்வதில்லை. விமானத்தைப் பொறுத்தவரை அந்த மயக்கம் எளிதில் நேர்கிறது. அதனைக் களைவது வரலாற்றுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை.

பழைய விமானத்தைப் பறக்கச் செய்வது வீண் ஆடம்பரம் என்பது என் கருத்தன்று. பறக்க வேண்டுமாயின் அரித்த தகட்டையும் தேய்ந்த உறுப்புகளையும் மாற்றியே ஆகவேண்டும். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் மூல உலோகத்தைக் காக்கிறது; பறக்கும் விமானம் அதனைப் பழுதுபார்க்கும் கைத்திறனைக் காக்கிறது. இரண்டும் தேவை. ஆயினும் அந்தக் கைத்திறன் பதிவாகாவிட்டால் இரண்டாவதன் பயன் பாதியாகிவிடும்.

இதற்கு நம்மிடமே சான்று உண்டு. போர் முடிந்தபின் பிரிட்டிஷார் கான்பூரில் சேதப்படுத்திவிட்டுச் சென்ற லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை 1948இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை மீட்டெடுத்தது. விமானி ஜம்ஷெத் முன்ஷி அவற்றை அங்கிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்தார். 1968 வரை அவை இந்திய விமானப் படையில் பணியாற்றின. அவற்றுள் ஒன்று இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விமானியின் பெயர் நமக்குத் தெரிகிறது. குப்பையிலிருந்து விமானத்தை எழுப்பிய தொழிலாளர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

நான் வாழும் மட்டாஞ்சேரியில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று உண்டு. இங்குள்ள அரண்மனையைக் கொச்சி மன்னருக்குக் கட்டித் தந்தோர் போர்த்துக்கீசியர். பின்னாளில் பழுதுபார்த்தோர் டச்சுக்காரர். மக்கள் வழங்கும் பெயரோ ‘டச்சு அரண்மனை’. கட்டியவரை மறந்து, பழுதுபார்த்தவரை நினைவில் வைத்திருக்கிறது மக்கள் வழக்கு. கட்டியவர், பழுதுபார்த்தவர் இருவரையும் ஒருங்கே சொல்ல ஒரு பெயரால் இயலாது, ஆவணத்தால் இயலும்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. சீரமைக்கப்படும் ஒவ்வொரு விமானத்தின் அருகிலும், அதன் உண்மையான பிறப்பும், மாற்றப்பட்ட பகுதிகளும், உழைத்தவர் பெயர்களும் எழுதப்பட வேண்டும். ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர்களின் பணிநினைவுகளையும், பட்டறைக்குள் மலையாளமும் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து அவர்கள் வழங்கிய சொற்களையும் பல்கலைக்கழக மொழியியல் துறைகள் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தகட்டை மறுபடியும் வார்த்துக்கொள்ளலாம். அச்சொற்களைப் பேசியவர்கள் மறைந்தபின் அவற்றை எங்கிருந்து மீட்பது?