கணினியின் மீது பழி போடாதீர்கள்

"கம்ப்யூட்டரா? அது கரண்டைத் தின்றுவிடும்!"

மலையகத் தோட்டப்புறங்களில் நான் பலமுறை கேட்ட வாசகம் இது. பாடசாலையின் கணினி அறையைப் பூட்டி வைப்பதற்கும் இதுவே காரணம். லயன் அறையில் பிள்ளை திறந்த மடிக்கணினியை அணைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். இது பொய். அதிலும் நோட்டன் பிரிட்ஜில் சொல்லப்படும்போது கொடுமையான பொய்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர், 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோட்டன் அணைக்கு வருகிறது. அங்கிருந்து இறங்கிப் பழைய லக்சபானவையும், அப்பால் பொல்பிட்டியவையும் இயக்குகிறது. ஒரே நீர், மும்முறை மின்சாரம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த திட்டம், 1950இல் லக்சபானவில் கைகூடியது.

அதற்கு ஈராண்டு முன்னர்தான், 1948இல், இம்மலைகளின் தொழிலாளருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. மின்கம்பிகள் கொழும்பை நோக்கிச் சென்றன. லயன்களிலோ மேலும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அந்த மக்களின் பிள்ளைகளிடம் இன்று மின்சாரச் சிக்கனம் பேசுவோர், முதலில் கணக்குப் படிக்க வேண்டும்.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மடிக்கணினியின் சார்ஜரில் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றிருந்தால் அது 65 வாட். சில மேதைகள் அந்த ஆம்பியரைச் சுவரிலுள்ள 230 வோல்ட்டால் பெருக்கி, 766 வாட் என்று அலறுகிறார்கள்! மேசைக் கணினியின் பெட்டிக்குள் 450 வாட் என்று எழுதியிருப்பதும் உச்ச வரம்பே. சாதாரண வேலையில் திரையுடன் சேர்த்து அது இழுப்பது சுமார் 100 வாட்.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். மின்கேத்தலில் ஒரு லீற்றர் தேநீர்த் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 0.1 யூனிட் வேண்டும். சாதாரண வேலையில் 30 வாட் இழுக்கும் மடிக்கணினி அதே மின்சாரத்தில் மூன்று மணி நேரம் இயங்கும். ஒரு கேத்தல் தண்ணீருக்கு ஒரு மாலைப் படிப்பு!

ஆபத்து என்கிறார்களா? கம்பியைச் சூடாக்குவது அதில் ஓடும் மின்னோட்டம். 2000 வாட் கேத்தல் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. அந்த மடிக்கணினி கால் ஆம்பியர்கூட இழுப்பதில்லை. லயன்களில் தீயை மூட்டக்கூடியது பழைய, மெல்லிய கம்பி. மாற்ற வேண்டியது அதைத்தான்.

செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மின்சாரத்தை விழுங்குவது உண்மை. அதற்கான தண்டனையைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விதிப்பது என்ன நியாயம்?

அறையைத் திறந்து விடுங்கள். சார்ஜரில் உள்ள எழுத்தை வாசிப்பதையே முதற்பாடமாக வையுங்கள். தாம் வாழும் மலையில் பிறக்கும் மின்சாரத்தை அளக்கத் தெரிந்த பிள்ளைகளை, இந்த ஒரு வாசகத்தால் இனி எவரும் ஏமாற்ற முடியாது.