பயணத்தில் போட்டோ பேக்கப்: வைபை டிரைவ் தேவையா?

"தம்பி, கம்ப்யூட்டரே வேண்டாமாம். கேமரா கார்டைச் செருகி ஒரு பட்டனை அமுக்கினால் போட்டோ எல்லாம் தானாக உள்ளே போய்விடுமாம். வாங்கலாமா?"

சென்ற மாதம் உத்தனப்பள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்ட கேள்வி இது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. குடும்பத்தோடு பத்து நாள் காசிப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறார். கையில் ஒரு டிஜிட்டல் கேமரா, இரண்டு ஸ்மார்ட்போன்கள். தன் போனில் அவர் காட்டியது, யாரோ பயன்படுத்திவிட்டு விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு டெராபைட் வைபை டிரைவ்.

"வேண்டாம் அண்ணா" என்றேன். அவருக்குச் சொன்ன காரணங்களைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய மற்றவர்களும் தெரிந்து கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் இந்த டிரைவ் என்ன என்று பார்த்துவிடுவோம். பார்வைக்குச் சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போலத்தான் இருக்கும். கூடவே உள்ளே ஒரு பாட்டரியும் வைபை வசதியும் உண்டு. ஆன் செய்தால் தானே ஒரு வைபை இணைப்பை உருவாக்கும். உங்கள் போனை அந்த இணைப்பில் சேர்த்து, அதற்கான அப்ளிகேஷனைத் திறந்தால் போட்டோக்களை அனுப்பலாம். வைபை என்றதும் பலர் இண்டர்நெட் என்று நினைத்துக் கொள்கிறார்கள். இங்கே இண்டர்நெட்டுக்கு வேலையே இல்லை. காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்திலும் போனும் டிரைவும் பேசிக் கொள்ளும்.

சீகேட் நிறுவனம் 2011-ல் கோபிளெக்ஸ் சாட்டிலைட் என்ற பெயரில் 500 ஜிபி டிரைவ் ஒன்றை இப்படி வெளியிட்டது. 2014-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கொண்டு வந்த மை பாஸ்போர்ட் வயர்லெஸ் டிரைவில் கேமரா கார்டைச் செருகவே ஓர் இடம் இருந்தது. அண்ணன் சொன்ன "பட்டனை அமுக்கினால் போதும்" வசதி இந்த வகைதான். லேப்டாப் தூக்கிச் செல்ல முடியாத போட்டோகிராபர்களுக்கு அன்று இது பெரிய உதவி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பட்டனில்தான் என் அனுபவமே இருக்கிறது.

2018 மே மாதம். நான் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தேன். பாட்டியை அழைத்துக் கொண்டு வேனில் ராமேஸ்வரம் போனோம். மாமாவின் கேமரா, நண்பனிடம் இரவல் வாங்கிய ஒரு வைபை டிரைவ். இன்ஜினியரிங் மாணவன் என்பதால் போட்டோ இலாகா என்னிடம். பாம்பன் சாலைப் பாலத்தில் வேனை நிறுத்தி, பழைய ரயில் பாலத்தில் ரயில் ஊர்ந்து போவதை எடுத்தேன். அக்னி தீர்த்தத்தில் பாட்டி குளித்துவிட்டு ஈரப்புடவையோடு சிரித்ததை எடுத்தேன். இரவு அறைக்கு வந்ததும் கார்டை டிரைவில் செருகி பட்டனை அமுக்கினேன். விளக்கு மின்னத் தொடங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது விளக்கு நின்றிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து கார்டை பார்மேட் செய்தேன். மறுநாள் தனுஷ்கோடியில் அதே கார்டில் இருநூறுக்கும் மேல் எடுத்தோம்.

விளக்கு நின்றது காப்பி முடிந்ததால் இல்லை. பாட்டரி தீர்ந்ததால். ஊர் திரும்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முதல் நாளில் பாதிக்கு மேல் காணவில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். கார்டிலிருந்து வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் காப்பி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். 32 ஜிபி கார்டு முழுவதும் காப்பி ஆக ஏறக்குறைய 27 நிமிடம் வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பையில் ஆன் ஆகிக் கிடந்த டிரைவுக்கு அந்த 27 நிமிடம் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

பாட்டி அடுத்த வருடம் காலமானார். பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ல் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. பழைய பாலத்தில் ரயில் போகும் படத்தையும் இனி எடுக்க முடியாது.

(இடையில் ஒரு தகவல். கார்டை பார்மேட் செய்தவுடன் படங்கள் உண்மையில் அழிவதில்லை. பெரும்பாலும் அந்த இடம் காலி என்று குறித்து வைக்கப்படும், அவ்வளவுதான். தவறு தெரிந்த நிமிடமே கார்டைக் கழற்றி வைத்துவிட்டால் போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம் மூலம் பல படங்களை மீட்கலாம். எனக்குக் கிடைத்தவை பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருந்த ஏழெட்டு படங்கள். மறுநாள் எடுத்தவை மேலே எழுதப்பட்டுவிட்டன.)

சிறிய விளக்கைப் பார்த்து பேக்கப் முடிந்ததா என்று ஊகிக்க வேண்டிய கருவியை நான் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். அப்ளிகேஷனில் பார்க்கலாமே என்பீர்கள். அது இன்றைய ஆண்ட்ராய்டில் ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்று கண்ணில் படும் வைபை டிரைவ்கள் பெரும்பாலும் பழைய சரக்கு அல்லது ஒருவர் பயன்படுத்தியவை. பாட்டரிக்கும் அத்தனை வயது ஆகியிருக்கும்.

பாதுகாப்பு இன்னொரு தலைவலி. 2015 செப்டம்பரில் சீகேட் வயர்லெஸ் டிரைவ்கள் சிலவற்றிலும் லாசி பியூயல் டிரைவிலும் ஒரு ஓட்டை வெளியே வந்தது. எல்லோருக்கும் பொதுவான பாஸ்வேர்டோடு ஒரு பின்வாசல் திறந்தே இருந்தது. வைபை எட்டும் தூரத்தில் இருக்கும் யாரும் உள்ளே உள்ள பைல்களை எடுக்கலாம் என்ற நிலை. நிறுவனம் சரி செய்து புதிய பார்ம்வேர் கொடுத்தது உண்மை. செகண்ட் ஹேண்டில் வாங்கும் டிரைவில் அதை யார் போட்டிருப்பார்கள்? ரயில் பெட்டியிலும் லாட்ஜிலும் உங்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படங்களோடு அந்த டிரைவ் ஆன் ஆகி இருக்கப் போகிறது.

சரி, பிறகு என்னதான் செய்வது?

முதலில் பயணத்தில் கார்டை அழிக்கவே அழிக்காதீர்கள். ஒரு நாளைக்கு 200 படம், ஒரு படம் 8 எம்பி என்றால் ஒரு நாளைக்கு 1.6 ஜிபி, பத்து நாளைக்கு 16 ஜிபி. ஒரு 32 ஜிபி கார்டில் பாதிதான். வீடியோ எடுப்பவர்கள் கூடுதலாக ஒரு கார்டு வைத்துக் கொள்ளலாம். டிரைவ் விலையோடு ஒப்பிட்டால் கார்டு விலை மிகக் குறைவு.

அடுத்து, போனில் செருகும் கார்டு ரீடர் ஒன்று வாங்குங்கள். இரவில் அன்றைய படங்களை கார்டிலிருந்து போனுக்குக் காப்பி செய்யுங்கள். "மூவ்" என்பதைத் தொடவே வேண்டாம், "காப்பி" மட்டும். போனில் இடம் குறைந்தால் போனிலிருந்து யூஎஸ்பி சி வகை பென் டிரைவ் அல்லது சிறிய எஸ்எஸ்டிக்கு அனுப்பலாம். ஐபோனிலும் ஐஓஎஸ் 13 வந்த 2019 முதல் பைல்ஸ் அப்ளிகேஷனில் இந்த வசதி உண்டு. உள்ளே தட்டு சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கைப் போனில் மாட்டினால் சில சமயம் மின்சாரம் போதாமல் இயங்காது. எஸ்எஸ்டியில் அந்தத் தொல்லை குறைவு. கீழே விழுந்தாலும் தாங்கும். ஊரிலேயே கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் முறையில் பார்மேட் செய்து, உங்கள் போன் அதைப் படிக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ பைல் ஏறாது.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை பைல்கள் என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கடைசிப் படத்தைத் திறந்தும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. 2018-ல் நான் செய்யாதது இதுதான்.

கூகுள் போட்டோஸ் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான். நல்ல சிக்னல் கிடைக்கும் ஊரில் முக்கியமான ஐம்பது படங்களை மட்டும் ஏற்றி வையுங்கள். பை தொலைந்தாலும் அவை தப்பிக்கும்.

அண்ணன் கடைசியில் இரண்டு 64 ஜிபி கார்டும் ஒரு கார்டு ரீடரும் வாங்கினார். பென் டிரைவ் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. படம் எடுத்த கார்டு அண்ணியின் கைப்பையில், பென் டிரைவ் இவர் பையில் என்று முடிவாகியிருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு பழைய நோட்டில் தேதி, கார்டில் எத்தனை, போனில் எத்தனை என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.