பிரியாணி எலும்பை நாய்க்குப் போடுறீங்களா?

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிஞ்சதும் தட்டில் மிஞ்சும் கோழி எலும்பு எங்கே போகும்? வீட்டு நாய்க்குத்தான். 'நாய்னா எலும்பு தின்னும்தானே?' என்பார்கள். தின்னும். ஆனால் வெந்த எலும்பில் நெகிழ்வு இருக்காது. கடித்தால் கூர் கூராக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தினால் அறுவை சிகிச்சை வரை போகலாம். கூடவே ஒட்டியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

அப்போ பச்சை எலும்பு? ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, சதையோடு கூடிய பச்சை எலும்புதான் நாயின் இயல்பான உணவு என்ற பேச்சு வேகமாகப் பரவியது. பாதி சரி. பச்சை எலும்பு அவ்வளவு எளிதில் சிதறாது, மெல்லும்போது பல்லில் படியும் காரையும் குறையும். ஆனால் 'நாய் ஓநாயின் வாரிசு, அதனால் கறி மட்டும் போதும்' என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. மனுஷனோடு வாழ்ந்து பழகிய வயிறு அது. சோறு கொடுப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எலும்பு கொடுத்தே ஆகணுமா? முழுசா விழுங்க முடியாத அளவில், சதை ஒட்டியதாகக் கொடுங்க. மாட்டுக் கால் எலும்பு மாதிரி கெட்டியானது வேண்டாம், பல் உடையும். பச்சைக் கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதனால் குழந்தை தவழும் தரையில் போடாதீங்க. அது தின்னு முடிக்கிற வரைக்கும் போனை வச்சிட்டு பக்கத்திலேயே இருங்க. வாயிலிருந்து மட்டும் பிடுங்கிடாதீங்க, செல்ல நாயும் கடிக்கும்.