அப்பாவின் கட்டம்

குழந்தைக்குப் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம், எழுத்துப் பார்க்கிறோம். இனம் வைப்பதற்கு மட்டும் யாரும் யோசிப்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் வழக்கமாக அப்பாவின் இனம் எதுவோ, அதுவே பிறப்புப் பத்திரத்தில் ஏறும். அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் பிள்ளை இந்தியர். அப்படியே மாற்றிப் போட்டால் பிள்ளை சீனர். இரண்டு வீட்டிலும் ரசமும் உண்டு, சீனப் பெருநாள் அங்பாவும் உண்டு.

திரிங்காப் போன்ற ஊரில் ஒரு பக்கம் சீனர்களின் காய்கறித் தோட்டம், மறுபக்கம் நம்மவர்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம். இப்படிக் கல்யாணங்கள் நடப்பதில் என்ன அதிசயம்? பிள்ளைகளை 'சிண்டியன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு அரசாங்கப் பாரத்தில் கட்டம் இல்லை.

ஒரு காலத்தில் கட்டம் இருந்தது. 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் யூரேசியர் போலவே 'ஜாவி பெக்கான்' என்றும் ஒரு தனி வரிசை உண்டு. பெரும்பாலும் தென்னிந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்கள் அவர்கள். ஜாவி பெரானாக்கான் என்பதும் இவர்களைத்தான். 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ப் பத்திரிகையின் பெயரே அதுதான். 1891 கணக்கெடுப்பில் இவர்களை மலாய்க்காரர் என்ற பெரிய தலைப்புக்குக் கீழே சேர்த்தார்கள். பிறகு அந்த வரிசையும் போயிற்று. ஆட்கள் எங்கும் போகவில்லை. இன்றைய அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவில் மலாய்க்காரருக்கு இஸ்லாம், மலாய் மொழி, மலாய் வழக்கம் என்றுதான் இருக்கிறதே தவிர, தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்ற கேள்வி இல்லை.

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். அவர்களும் தமிழ் வணிகர்கள் இந்த மண்ணின் பெண்களை மணந்து உண்டான சமூகம்தான். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா. ஆனால் கும்பிடுவது 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகரை. ஆகவே அவர்கள் இந்தியர்! இரத்தக் கலப்பு ஒன்றுதான், பிரித்தது சாமி.

அப்பா வழி என்பது நம் நாட்டுக் கண்டுபிடிப்பல்ல. இந்திய அரசியலமைப்பின் 366-ஆவது பிரிவும் ஆண் வழியில் ஐரோப்பிய மூதாதை இருந்தால்தான் ஆங்கிலோ இந்தியர் என்கிறது. அம்மா ஐரோப்பியராக இருந்தால் கணக்கில் வராது.

சரவாக்கில் கதை இன்னும் மோசம். 2009-இல், அப்பா ஈபான், அம்மா சீனர் என்ற ஒரு மாணவி பூமிபுத்ரா இல்லை என்று மெட்ரிகுலேஷன் இடம் மறுக்கப்பட்டார். இரு பக்கமும் சுதேசியாக இருக்க வேண்டும் என்பது அங்கே அன்றிருந்த விதி. அப்பா வழி கூட அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை. பெற்றோரில் ஒருவர் சுதேசியானால் போதும் என்று சரவாக் சட்டமன்றம் திருத்தியது 2022-இல்தான்.

சிங்கப்பூர் 2011 முதல் இரட்டை இனம் எழுத அனுமதிக்கிறது: சீனர்-இந்தியர், இந்தியர்-சீனர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுக்குமாடி வீட்டு ஒதுக்கீட்டில் முதலில் எழுதிய இனத்தையே கணக்கில் எடுக்கிறார்கள். எதை முன்னால் போடுவது என்று அங்கே புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.