கயிற்றுக்கும் பெயர் உண்டு

அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்புக் கடல் கதையில், புயல் நேரத்தில் மாலுமி 'பாயின் விரிப்பைத் தளர்த்தினான்' என்று வந்தது. மூலத்தில் 'ஷீட்' என்று இருந்திருக்கும். கப்பலில் ஷீட் என்றால் துணி இல்லை. பாயின் கீழ்முனையில் கட்டி, இழுத்தும் விட்டும் பிடிக்கிற கயிறு. திடீர்க் காற்று அடித்தால் முதலில் அதைத்தான் தளர்த்த வேண்டும். பாயில் அடைபட்ட காற்று வெளியேறும், படகு கவிழாமல் தப்பும். தாமதித்தால் ஆளோடு போகும்.

பிரெஞ்சில் இதற்கு 'எகூத்' என்று பெயர். காது கொடுத்துக் கேட்பதற்கும் அதே ஒலி. பள்ளியில் எங்களை நன்றாகக் குழப்பிய சொல். பாயை மேலே ஏற்றுவது 'திரிஸ்'. பாய்மரம் சாயாமல் பக்கவாட்டில் தாங்குவது 'ஒபான்'. பொதுவாகக் கயிற்றைக் குறிக்கும் 'கோர்த்' என்ற சொல்லைப் பிரெஞ்சு மாலுமிகள் கப்பலில் சொல்ல மாட்டார்கள். மணி அடிக்கும் கயிற்றுக்கு மட்டும் விலக்கு. தூக்குக் கயிற்றை நினைவூட்டுமாம், அபசகுனம். எனக்கென்னவோ அதில் வேலை ஒழுங்குதான் தெரிகிறது. இருட்டில், அலையில், 'அந்தக் கயிற்றை விடு' என்று கத்தினால் எதை விடுவது? ('அந்த ஃபைலை எடு' என்ற உத்தரவைக் கேட்டே காலம் தள்ளிய குமாஸ்தா நான். அந்த வேதனை தெரியும்.)

தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. பாய் ஏற்றும் கயிறு ஆஞ்சான். அந்த 'ஷீட்', நம் தாமான். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனிலேயே இருக்கின்றன. மொழிபெயர்த்தவர் ஒரு தடவை புரட்டியிருக்கலாம்.

ஆனால் லெக்சிகன் பொருள் மட்டும்தான் சொல்லும். எந்தக் காற்றுக்குத் தாமானை எவ்வளவு விடுவது, ஊருக்கு ஊர் அதை எப்படி அழைத்தார்கள் என்பதெல்லாம் பாய் விரித்து ஓட்டியவர்களிடம்தான் இருக்கிறது. எஞ்சின் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன, கட்டுமரமும் பாயும் ஒதுங்கிவிட்டன. வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தாமான் பிடித்த கைகளுக்கு இன்று என் வயதோ அதற்கு மேலோ இருக்கும். மொழிக்கு விழா எடுக்கும் அரசு, அந்தப் பந்தல் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, இரண்டு பேரை ஒரு கைப்பேசியோடும் ஒரு முழுக் கயிற்றோடும் குப்பங்களுக்கு அனுப்பட்டும். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும். வெறும் கேள்வித்தாளை நீட்டினால் 'கயிறுதான் தம்பி' என்று முடித்துவிடுவார்கள்.

அதுவரை, உங்கள் உறவிலோ தெருவிலோ பாய் ஓட்டிய பெரியவர் இருந்தால், போய்க் கேளுங்கள். சொல்லோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள்.