ஒரே சைக்கிள், ஒரு ஸ்டாப்வாட்ச்

இன்று சைக்கிளைப் பற்றி ஒரு யோசனை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தேசிய சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் 'டைம் டிரையல்' என்று ஒரு பிரிவு உண்டு. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. ஒருவர் போய்ச் சற்று நேரம் கழித்துத்தான் அடுத்தவரை விடுவார்கள். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிப் போவது கூடாது. குறைந்த நேரத்தில் தூரத்தை முடிப்பவர் சாம்பியன்.

பெங்களூரு வீரர் நவீன் ஜான் இதில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேசிய சாம்பியன் ஆனவர். 2016இல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக டைம் டிரையல் ஓட்டினார். அவர் பந்தய சைக்கிளுக்கு வந்தது அமெரிக்காவில் பொறியியல் படித்த காலத்தில். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எப்படி வரும்?

சைக்கிள் இல்லாத ஊர் இல்லை இது. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. இன்று அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைக்கிறது. வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் கரிசல்காட்டு ரோட்டில் ஆடிக்காற்றை எதிர்த்து மிதித்து வரும் பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான். அவர்கள் தினமும் ஓட்டுவது டைம் டிரையல்தான். நேரம் குறிக்கத்தான் ஆள் இல்லை.

அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடக்கிறது. 17 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 20 கி.மீ., பெண்பிள்ளைகளுக்கு 15 கி.மீ. நல்ல ஏற்பாடு. ஆனால் மொத்தமாக விடும்போது பிள்ளைகள் இடித்துக்கொண்டு விழுகிறார்கள். முதலில் வந்தது யார் என்று தெரியும். திறமை எவ்வளவு என்று தெரியாது. அதனால் அதே நாளில் அரசு கொடுத்த சைக்கிளில் மட்டும் ஒரு டைம் டிரையல் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 5 கி.மீ. போய் அதே வழியில் திரும்பட்டும். எதிர்காற்றும் பின்காற்றும் எல்லோருக்கும் கிடைக்கும்.

"சார், அந்தக் கனமான சைக்கிளில் என்ன தெரிந்துவிடும்?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் 1996இல் நவீன சைக்கிளில், கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, 56.375 கி.மீ. ஓட்டினார். பிறகு விதி மாறியது. மெர்க்ஸ் காலத்து அமைப்பிலான சைக்கிளில் 2000இல் அவரே மறுபடி ஓட்டியபோது 49.441 கி.மீ. மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர்தான் அதிகம்! வண்டி ஒன்றானால் ஆளின் பலம் பளிச்சென்று தெரியும்.

அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. நல்ல வண்டியும் குனிந்து ஓட்டும் முறையும் சேர்ந்து ஏறக்குறைய 7 கி.மீ. கொடுத்திருக்கின்றன. ஆகவே அரசு சைக்கிள் பிள்ளையைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். அதை வைத்துத் தேசியப் போட்டியில் ஜெயிக்க முடியாது. தேர்வாகும் நாலைந்து பேருக்காவது மாவட்ட விளையாட்டு அலுவலகம் பந்தய சைக்கிளை இரவலாகத் தந்து, பயிற்சியும் தர வேண்டும். லட்ச ரூபாய் சைக்கிளை வாங்கு என்று பட்டாசு ஆலையில் கூலி வேலை பார்க்கும் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பிளஸ் டூ முடிந்ததும் மகளின் சைக்கிள் தம்பிக்குப் போகிறது, மகள் ஆலை வேனில் ஏறுகிறாள். இப்படி எத்தனையோ வீடுகள் எனக்குத் தெரியும். தேசிய அளவில் ஜெயிக்கும் சைக்கிள் வீரர்களுக்கு ரயில்வேயும் ராணுவமும் வேலை தருகின்றன. நம் பிள்ளைக்குப் பதக்கம் என்றால் ஓர் உத்தியோகம், அந்த வேனில் ஏறாமல் இருக்க ஒரு வழி.

என் மாணவர்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், போலீஸில் இருக்கிறீர்கள், தொழில் நடத்துகிறீர்கள். அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அனுமதி வாங்கி, ஆலை லீவான ஒரு ஞாயிறு காலையில், ஹெல்மெட் போட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக விடுங்கள். செலவு ஒரு ஸ்டாப்வாட்ச்தான். யார் எத்தனை நிமிஷத்தில் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நோட்டுப் போட்டுக் குறித்து வைக்க நான் தயார்.